திரைப்பதிவுப் பாடமும் கூடி எழுதும் பயிற்சியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிரலாக்கம் கற்பது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இணையத்தில் கிடைக்கும் திரைப்பதிவுப் பாடங்களை, அதாவது நிரல் எழுதுபவரின் கணினித் திரையைப் பதிவு செய்த காணொளிகளை, வரிசையாகப் பார்த்து முடித்தால் போதும், உடன் பயில்வோர் எவரும் தேவையில்லை என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. மென்பொருள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் நான். புதிதாகக் கற்க வருவோருடன் குழுப் பயிற்சிகளில் உட்காரும் வழக்கமும் எனக்கு உண்டு. திரைப்பதிவுகளின் பயனைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியதில் எனக்கு மாறுபாடில்லை. அவை மட்டுமே போதும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

திரைப்பதிவுக்கு உரிய பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2005-ல் டேவிட் ஹைன்மையர் ஹான்சன் வலைச் செயலிகளை எழுதுவதற்காகத் தாம் உருவாக்கிய ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் கட்டமைப்பைக் கொண்டு ஒரு வலைப்பதிவுச் செயலியைப் பதினைந்து நிமிடங்களில் எழுதிக் காட்டிய பதிவு, அந்தக் கட்டமைப்பின் கையேடுகளை எட்டிப் பார்த்திராத பலரையும் அதன் பக்கம் இழுத்தது. 2007 முதல் 2013 வரை ரயன் பேட்ஸ் வாரந்தோறும் வெளியிட்டு வந்த ரெயில்ஸ்காஸ்ட்ஸ் என்னும் சிறு பதிவுகளும் அப்படியே ஒரு தலைமுறை நிரலர்களைப் பழக்கின. புத்தகம் காட்ட முடியாத ஒன்றை இவை காட்டின. புத்தகத்தில் நிரல் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை முழுமையாக அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் எந்த நிரலரும் அந்த வரிசையில் எழுதுவதில்லை. நடுவில் ஒரு வரியை எழுதி, இயக்கிப் பார்த்து, மேலே போய் ஒரு பெயரை மாற்றி, வேறொரு கோப்பைத் திறந்து, மீண்டும் வந்து எழுதுவதுதான் நடைமுறை. பிழைச் செய்தி வந்தால் அதில் எந்த வரியை முதலில் படிக்க வேண்டும், எதை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்பதை, அனுபவம் உள்ளவரின் திரையைப் பார்ப்பதைவிட எளிதாகக் கற்க வேறு வழி இல்லை.

எனினும் இன்று வெளியாகும் பாடப் பதிவுகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் பிழைச் செய்தியே வெட்டி எடுக்கப்பட்டுவிடுகிறது. ஆசிரியர் முன்பே எழுதிப் பழகிய நிரலை ஒரு தடங்கலும் இல்லாமல் தட்டச்சு செய்கிறார். முதல் முறையிலேயே அது ஓடுகிறது. பார்ப்பவருக்கு ஒவ்வொரு வரியும் புரிகிறது. எழுதிய வரியைப் புரிந்துகொள்வதற்கும், எந்த வரியை எழுத வேண்டும் என்று முடிவு செய்வதற்கும் இடையே உள்ள தூரம் மட்டும் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. முழுத் தொடரையும் பார்த்து முடித்த ஒருவரிடம் காலியான கோப்பைத் திறந்து கொடுத்து, அதே பாடத்தில் வந்த சிறிய கணக்கை எழுதச் சொன்னால், முதல் வரியிலேயே கை நின்றுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். மணிக்கணக்கில் குறிப்பெடுத்துக்கொண்டு பார்த்தவர்கள்.

இது நிரலாக்கத்துக்கு மட்டும் உரிய குறையன்று. மைக்கேல் கார்டஸ், எட் ஓ'பிரையன் என்னும் ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், டார்ட் எறிதல், மூன்வாக் நடனம் போன்ற திறன்களின் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் தம்மால் அதைச் செய்ய முடியும் என்று கூடுதலாக நம்பினார்கள். செய்யச் சொன்னபோதோ, ஒரே முறை பார்த்தவர்களைவிட அவர்கள் மேம்பட்டிருக்கவில்லை. நம்பிக்கை வளர்ந்தது, திறன் வளரவில்லை.

கட்டுரையாளர் தம் பக்கம் வலுவான ஒரு சான்றைக் காட்டியிருக்கலாம். அவர் காட்டாததால் நானே சொல்கிறேன். ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-ல் இயற்கணிதம் கற்போரிடம் செய்த ஆய்வு, தொடக்க நிலையில் இருப்பவர்களைக் கணக்குகளோடு தனியாக மல்லுக்கட்ட விடுவதைவிட, தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படிக்கவைப்பது கூடுதல் பயன் தருவதாகக் காட்டியது. திரைப்பதிவும் தீர்த்துக் காட்டிய கணக்கின் ஒரு வகைதானே என்று கேட்டால், ஆம் என்பதே என் விடை. ஆனால் அந்த ஆய்வில் தீர்த்துக் காட்டிய ஒவ்வொரு கணக்கையும் அடுத்து, அதே வகையில் இன்னொரு கணக்கு மாணவர் தாமே போடுவதற்காக வைக்கப்பட்டிருந்தது. காணொளிப் பாடங்களில் விடுபட்டுப் போவது இந்த இரண்டாம் கணக்குதான். ஒரு பதிவு முடிந்த கணமே அடுத்தது தானாக ஓடத் தொடங்கும் ஏற்பாட்டில் அதற்கு இடமே இல்லை. மேலும், கற்பவர் தேர்ச்சி பெறப் பெறத் தீர்த்துக் காட்டிய கணக்கின் பயன் குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் அது இடையூறாகவே ஆகிவிடுகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

பாடங்கள் குறுகியதாக இருந்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் 2014-ல் எட்எக்ஸ் என்னும் இணையவழிப் பாடத் தளத்தின் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து, ஆறு நிமிடங்களுக்கு உட்பட்ட காணொளிகளையே மாணவர்கள் பெரிதும் விலகாமல் பார்க்கிறார்கள் என்று கண்டறிந்தனர். பயனுள்ள கண்டுபிடிப்புதான், ஆனால் அது அளந்தது பார்த்த நேரத்தை, கற்றதை அன்று.

தனியாகப் பார்ப்பவர்கூடச் சிலவற்றைச் செய்யலாம். ஆசிரியர் தட்டச்சு செய்யத் தொடங்கும் முன் பதிவை நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று தாம் எழுதிப் பார்க்கலாம். பாடம் முடிந்ததும் எல்லாவற்றையும் மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதலாம். கணக்கின் நிபந்தனை ஒன்றை மாற்றி மீண்டும் முயலலாம். இவற்றைத் தவறாமல் செய்பவர்களைக் காண்பது அரிது. அடுத்த பாடத்துக்குப் போகும் ஆசையைத் தனியாக இருக்கும்போது அடக்குவது கடினம். குழுவின் தேவை இங்கிருந்தே தொடங்குகிறது.

நிரலர்கள் கூடிப் பயிற்சி செய்வது இன்று தோன்றிய வழக்கமன்று. கராத்தே வீரர் அடிமுறைகளைப் பழகுவதைப் போலச் சிறு நிரல்களைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழக வேண்டும் என்ற கருத்தை டேவ் தாமஸ் என்னும் நிரலர் 'கட்டா' என்ற பெயரில் பரப்பினார். பின்னர் லோரான் பொசாவியும் எமானுவேல் கையோவும் பாரிஸில் 'கோடிங் டோஜோ' என்னும் கூட்டங்களைத் தொடங்கினர். அதில் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்றில், தயாரித்து வந்த ஒருவர் காலியான கோப்பிலிருந்து தொடங்கி எழுதிக் காட்டுவார். அவர் செய்வது எவருக்கேனும் புரியாவிட்டால் உடனே நிறுத்திக் கேட்கலாம். கேள்வி கேட்க முடிந்த திரைப்பதிவு என்று அதைச் சொல்லலாம். மற்றொன்று ரேண்டோரி. ஒரே கணினியும் பெரிய திரையும் இருக்கும். இருவர் விசைப்பலகையின் முன் அமர்வார்கள். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் வழி சொல்வார். சில நிமிடங்களில் மணி அடித்ததும் தட்டச்சு செய்தவர் எழுந்து போக, வழி சொன்னவர் விசைப்பலகையை ஏற்க, கூட்டத்திலிருந்து புதியவர் ஒருவர் அருகில் வந்து அமர்வார்.

இதில் நான் மிகவும் மதிக்கும் விதி ஒன்று உண்டு. நிரலுக்கு முன்பே அதைச் சரிபார்க்கும் சோதனை எழுதப்படும். சோதனை தோற்றுச் சிவப்பாக நிற்கும்வரை விசைப்பலகையின் முன் இருக்கும் இருவர் மட்டுமே பேசலாம். தேறிப் பச்சையான பிறகே மற்றவர்கள் நிரலின் அமைப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் ஒழுங்குமுறையாகத் தோன்றும். தடுமாறிக்கொண்டிருக்கும் ஒருவரைச் சுற்றிப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் விடை சொல்லும்போது அவர் என்ன ஆகிறார் என்பதைப் பார்த்தவர்களுக்கே அதன் அருமை விளங்கும்.

கணக்கு சிறியதாக இருக்க வேண்டும். எண்ணை ரோமானிய எண்ணுருவாக மாற்றும் கணக்கு நல்ல தொடக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று (I, II, III) வரை எளிய நிரல் ஓடிவிடும், நான்கு (IV) வந்ததும் உடைந்துவிடும், ஒன்பதில் (IX) மீண்டும் உடையும். நான்குக்கும் ஒன்பதுக்கும் தனித்தனி விலக்கு எழுதிக்கொண்டே போவதா, அவற்றையும் ஒரே அட்டவணைக்குள் கொண்டுவருவதா என்ற விவாதம் அந்த இடத்தில் தானாகவே எழும். அந்த விவாதத்துக்காகத்தான் கூடுகிறோம்.

கோரி ஹெயின்ஸ் உள்ளிட்ட சிலர் 2009-ல் தொடங்கிய 'கோட் ரிட்ரீட்' என்னும் முழுநாள் பயிற்சி இதையே இன்னும் கடுமையாகச் செய்கிறது. ஜான் கான்வே உருவாக்கி 1970-ல் வெளியான 'கேம் ஆஃப் லைஃப்' என்னும் கட்ட விளையாட்டே அதன் கணக்கு. உயிருள்ள கட்டத்துக்கு உயிருள்ள அண்டைக் கட்டங்கள் இரண்டோ மூன்றோ இருந்தால் அது பிழைக்கும். உயிரற்ற கட்டத்துக்குச் சரியாக மூன்று இருந்தால் அது உயிர்பெறும். மற்ற உயிருள்ள கட்டங்கள் இறந்துவிடும், மற்ற உயிரற்றவை அப்படியே இருக்கும். ஓர் அமர்வு 45 நிமிடம். மணி அடித்ததும், முடித்திருந்தாலும் முடிக்காவிட்டாலும், எழுதிய நிரலை முழுவதும் அழித்துவிட்டு, வேறொருவருடன் இணைந்து அதே கணக்கை மீண்டும் முதலிலிருந்து எழுத வேண்டும். முதல் அமர்வில் ஏறத்தாழ எல்லோரும் வரிசையும் நெடுவரிசையுமாக ஒரு பெரிய அட்டவணையைக் கட்டத் தொடங்குவார்கள். பலகைக்கு எல்லை கிடையாது என்பது பாதியில்தான் உறைக்கும். அடுத்த அமர்வில் வந்து சேரும் துணைவர், உயிருள்ள கட்டங்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பார். அழிக்கச் சொல்லும்போது முணுமுணுக்காதவர் இல்லை. ஆனால் அழித்ததால்தான் அந்தக் கேள்வியைக் கேட்க இடம் கிடைத்தது. பழைய நிரல் திரையில் இருந்திருந்தால் இருவரும் அதையே ஒட்டுப்போட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள்.

குழு என்றாலே நன்மை என்று நான் வாதிடவில்லை. விரைவாக எழுதத் தெரிந்த ஒருவர் விசைப்பலகையைக் கைப்பற்றிக்கொண்டு, மற்றவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தால், அது நேரலையில் ஓடும் இன்னொரு திரைப்பதிவே தவிர வேறில்லை. நிறுத்திப் பின்னோக்கி ஓட்டும் வசதியும் அதில் கிடையாது. அதனால்தான் மணியை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். யோசனை சொல்பவர் தட்டச்சு செய்யக் கூடாது என்ற விதியும் இதற்கு உதவும். மனத்துக்குள் அரைகுறையாக இருக்கும் எண்ணத்தை இன்னொருவர் கை எழுதும் அளவுக்குச் சொல்லாக்க வேண்டியிருப்பதால், எந்த இடத்தில் தமக்கே தெளிவில்லை என்பது சொல்பவருக்கு உடனே தெரிந்துவிடும். முற்றிலும் புதியவர்கள் மட்டுமே கொண்ட குழுவும் நெடுந்தூரம் போகாது. பிழைச் செய்தியைப் படித்துப் பழகிய ஒருவராவது வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே நிரலை எழுதித் தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி எழலாம். அக்கருவி தரும் நிரலைப் படித்துப் புரிந்துகொண்டதாக நினைப்பதிலும் திரைப்பதிவில் உள்ள அதே மயக்கம்தான் இருக்கிறது. வேலையில் அதைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. பயிற்சி நேரத்தில் மட்டும் அதை அணைத்து வைப்பது நல்லது.

பாடப் பதிவுகளை விற்கும் பயிற்சி நிலையங்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தங்கள் கட்டுரை பட்டியலிட்டிருந்தது. எத்தனை மணி நேரப் பாடம் என்ற கேள்விக்கு முன்னால், மாணவர் தாமே எழுதுவதற்கும் அதை இன்னொருவர் பார்த்துக் கருத்துச் சொல்வதற்கும் எத்தனை மணி நேரம் என்ற கேள்வியைச் சேர்க்க வேண்டுகிறேன். எல்லாக் காணொளிகளையும் ஓடவிட்டதற்காக வழங்கப்படும் சான்றிதழ், அவை ஓடின என்பதற்கு மட்டுமே சான்று. பதிவுகளைத் தயாரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பதிவின்போது நேர்ந்த பிழையையும், அதைத் தேடிக் கண்டுபிடித்த நிமிடங்களையும் வெட்டாமல் விடுங்கள். பாடம் சற்று நீளும், பரவாயில்லை.

குழு இல்லையே என்று தயங்கும் வாசகர்களுக்கு, நான்கு பேரும் ஒரு திரையும் ஒரு கடிகாரமும் போதும் என்று தெரிவித்துக்கொள்கிறேன். வாரத்துக்கு ஒரு சிறு பதிவை எல்லோரும் முன்பே பார்த்துவிட்டு வந்து, கூடியதும் அதை மீண்டும் ஓடவிடாமல், காலியான கோப்பிலிருந்து தொடங்கலாம். நேரில் கூட முடியாதவர்கள் தொலைவிலிருந்தே திரையைப் பகிர்ந்துகொண்டும் செய்யலாம். அப்போது விசைப்பலகை கைமாறுவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால், ஒவ்வொருவருக்கும் உரிய நேரத்தை ஓரிரு நிமிடங்கள் கூட்டி வைத்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
மென்பொருள் பொறியாளர்