சம்மன் வந்த அன்றே வக்கீல் கிடைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மக்கள் நீதிமன்றம் நடந்த மறுநாள் நாளிதழ்களில் தவறாமல் ஒரு செய்தி வரும். இத்தனை வழக்குகளுக்குத் தீர்வு, இத்தனை கோடி ரூபாய் இழப்பீடு, கூடவே நீதிபதி காசோலை கொடுக்கும் படம். நல்ல செய்திதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் வராத ஆட்களைப் பற்றி யாராவது பேச வேண்டும். சிவில் வழக்கில் மாட்டிக்கொண்டு, வக்கீல் வைக்கக் கையில் காசில்லாமல், கோர்ட் படியே ஏறாமல் வீட்டையும் நிலத்தையும் இழக்கிறவர்கள் அவர்கள். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருப்பதால் அவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் ஒரு அம்மா. கணவர் இறந்துவிட்டார், இரண்டு பிள்ளைகள். மாமனார் மனையில் கணவர் கட்டிய வீட்டில்தான் குடியிருக்கிறார். கொழுந்தனார் வழக்குப் போட்டார்: அந்த மனையை அப்பா என் பெயருக்கு செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார், வீட்டைக் காலி செய்து தர வேண்டும் என்று. கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது, கூடவே பிராது, அதாவது வழக்கு மனுவின் நகல், முழுக்க ஆங்கிலத்தில். அந்த அம்மா அதை ஊரில் நாலு பேரிடம் காட்டியிருக்கிறார். "நீ கோர்ட்டுக்கெல்லாம் அலைய வேண்டாம்மா, ஊரில் பேசி முடிச்சுக்கலாம்" என்று சொன்னவர்கள் கொழுந்தனாருக்கு வேண்டியவர்கள் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. வாய்தாவுக்குப் போகவில்லை. எக்ஸ்பார்ட்டி ஆகி, அதாவது அவர் வராமலே ஒருதலைப்பட்சமாக, டிகிரியும் (தீர்ப்பாணை) ஆகிவிட்டது. அப்புறம் வீட்டைக் காலி செய்யச் சொல்லி, டிகிரியை நிறைவேற்றக் கேட்டுக் கொழுந்தனார் போட்ட நிறைவேற்று மனுவில் நோட்டீஸ் வந்தபோதுதான், அதை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வந்தார். காகிதத்தை நாலாக எட்டாக மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்ததில் மடிப்பில் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது, தேதியைப் படிக்க வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

நம் சட்டம் அந்த அம்மாவைக் கைவிடவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ல் வந்தது, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12-வது பிரிவுப்படி எந்தப் பெண்ணும் வருமான வரம்பே இல்லாமல் அரசு செலவில் வக்கீல் கேட்கலாம். எஸ்.சி., எஸ்.டி. மக்கள், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். இதில் எதிலும் வராதவர்களுக்குத்தான் வருமான வரம்பு, தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். வக்கீல் ஃபீஸ் மட்டுமில்லை, கோர்ட் ஃபீஸ், நகல் எடுக்கும் செலவு, டைப்பிங் செலவு வரைக்கும் அதில் அடங்கும். சம்மன் வந்த அன்றே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அந்த அம்மா போயிருந்தால் காசில்லாமல் வக்கீல் கிடைத்திருப்பார். அந்த அலுவலகம் எங்கே இருக்கிறது தெரியுமா? சம்மன் அனுப்பிய அதே கோர்ட் வளாகத்துக்குள். அவரிடம் அதை ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. சம்மனைக் கொண்டுவந்து கொடுத்தவர் சொல்லவில்லை, சம்மனிலும் போடவில்லை.

சிவில் வழக்கில் நாள் என்பது உயிர். சம்மன் கிடைத்து 30 நாளுக்குள் எதிருரை (வழக்குக்கு எழுத்தில் பதில்) போட வேண்டும், கோர்ட் மனது வைத்தால் 90 நாள் வரை. எக்ஸ்பார்ட்டி டிகிரியை ரத்து செய்யக் கேட்க 30 நாள். அது தாண்டினால் ஏன் தாமதம் என்று தனியாக ஒரு மனு, அதற்கு எதிர்த்தரப்பு ஆட்சேபணை, அதற்கு ஒரு விசாரணை, செலவுத்தொகை கட்டு என்று ஒரு நிபந்தனை. அந்த அம்மாவுக்கு இதெல்லாம் நடந்தது. நான் எதிரே கையைக் காட்டி அனுப்பிய பிறகு இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீல் கிடைத்து, டிகிரி ரத்தாகி, இப்போது வழக்கு முதலிலிருந்து நடக்கிறது. அதற்குள் வெளியே ஒரு வக்கீலிடம் போய்க் கம்மலை அடகு வைத்துக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

கிரிமினல் வழக்கு என்றால் நிலைமை வேறு. ஒருவரைக் கைது செய்து மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தினால், வக்கீல் இருக்கிறாரா என்று கேட்பார்கள். இல்லையென்றால் அரசு செலவில் கொடுக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1979-லிருந்தே சொல்லி நிலைநாட்டியிருக்கிறது. 2022-லிருந்து இன்னும் ஒரு படி மேலே போய், இந்த ஒரு வேலைக்கென்றே முழுநேர சம்பளத்தில் வக்கீல்களை மாவட்டம் மாவட்டமாக நியமித்து வருகிறார்கள். வெளியில் வேறு கேஸ் எடுக்கக் கூடாது, இதுதான் அவர்கள் வேலை. ரொம்பச் சரியான ஏற்பாடு. ஆனால் அது கிரிமினலுக்கு மட்டும். வீடு போகப்போகிற விதவைக்கும், ஜீவனாம்சம் கேட்கிற பெண்ணுக்கும், சம்பள பாக்கி வராத தொழிலாளிக்கும் பழைய பேனல் முறைதான், அதாவது சொந்தமாகத் தொழில் நடத்தும் வக்கீல்களின் பட்டியலிலிருந்து ஒருவரை ஒதுக்குவது. பேனல் வக்கீலுக்குக் கிடைக்கும் தொகை சொற்பம், அதுவும் எப்போது கைக்கு வரும் என்று தெரியாது. ஒரு சிவில் வழக்கு வருஷக்கணக்கில் ஓடும். சொந்தக் கட்சிக்காரர் காத்திருக்கும்போது இந்த வாய்தாவுக்கு ஜூனியரை அனுப்புவது நடக்கத்தான் செய்கிறது. சட்ட உதவி வழக்கைச் சொந்த வழக்கு மாதிரி நடத்துகிற வக்கீல்கள் எங்கள் கோர்ட்டிலேயே இருக்கிறார்கள், அவர்கள் காலில் விழலாம். அதற்காக ஒரு ஏற்பாட்டையே நல்ல மனிதர்களை நம்பி மட்டும் ஓட்டிக்கொண்டிருக்க முடியுமா?

விபத்து இழப்பீட்டு வழக்குக்கு மட்டும் வக்கீல் தேடி அலைய வேண்டியதில்லை, அவர்களே தேடி வருவார்கள். கடைசியில் பணம் வரும் வழக்கு அது. பாகப்பிரிவினை வழக்கில் எதிர்வாதியாக நிற்கிறவருக்கும், வாரிசு சான்றிதழில் பெயர் விடுபட்டுப்போன இரண்டாவது தாரத்துப் பிள்ளைக்கும் கடைசியில் எந்தப் பணமும் வரப்போவதில்லை, இருப்பது போகாமல் இருந்தால் போதும். அங்கேதான் அரசு நிற்க வேண்டும்.

கோர்ட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே தோற்றுப்போகிற பெண்கள் வேறு. சார்பதிவாளர் அலுவலகத்தில் முகூர்த்த நாளில் போய் நின்று பாருங்கள். அண்ணன் தம்பிகள் அக்கா தங்கைகளைக் காரில் கூட்டி வருவார்கள். பத்திரம் எழுதியவர் அண்ணனுக்குத் தெரிந்தவர், சாட்சி அண்ணனின் நண்பர், கையில் அண்ணன் எடுத்துக் கொடுத்த பட்டுச்சேலை. ஃபோட்டோ, கைரேகை, கையெழுத்து, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் முடிந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது, அப்போது விடுபட்ட மகள்களையும் சேர்த்து 2005-ல் மத்திய சட்டமும் வந்துவிட்டது. விட்டுக் கொடுப்பது அவரவர் இஷ்டம், அதில் தலையிட நான் யார்? ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், உனக்கு எவ்வளவு வருகிறது, இதில் போட்டால் திரும்ப வாங்க முடியுமா முடியாதா என்று அண்ணனுக்கு வேண்டாத ஒரு ஆள் பத்து நிமிஷம் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும். அந்தப் பத்து நிமிஷம் எங்கேயும் இல்லை. பதிவு நடக்கும் நாளில் சட்ட உதவி வக்கீல் ஒருவருக்கு அங்கே ஒரு மேஜை போட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

மக்கள் நீதிமன்றத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே சமரசம் ஆனால் கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும், வழக்கு ஒரே நாளில் முடியும், எல்லாம் சரி. ஆனால் அந்தத் தீர்வுக்கு மேல் அப்பீல் கிடையாது. ஒரு பக்கம் வங்கியோ இன்சூரன்ஸ் கம்பெனியோ வக்கீலோடு உட்கார்ந்திருக்க, இன்னொரு பக்கம் ஒருத்தர் தனியாக உட்கார்ந்து "இவ்வளவுதான் கிடைக்கும் போல" என்று கையெழுத்துப் போட்டால், அதைச் சமரசம் என்று எண்ணிக்கையில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை. மேஜையில் உட்கார்வதற்கு முன்னால் அவருக்கும் ஒரு வக்கீல் வேண்டும்.

இன்னொரு விஷயம் உடனே சரி செய்யலாம், ஒரு பைசா செலவில்லை. சட்ட உதவி கேட்டு வருகிறவரிடம் வருமானச் சான்றிதழ் வாங்கி வா என்று சொல்லி அனுப்புவது இன்னும் நடக்கிறது. அவர் இ-சேவை, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று சுற்றுவதற்குள் எதிருரை போடும் நாள் கடந்துவிடும். வருமானம் இவ்வளவு என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தாலே போதுமானதாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் 13-வது பிரிவு சொல்கிறது. பெண்களிடம் அதைக்கூடக் கேட்கத் தேவையில்லை. மனுவின் மேல் 7 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது.

மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும், சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், அரசுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக நான் கேட்பது இதுதான். சிவில் வழக்கு சம்மன் ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுச்சீட்டு வையுங்கள், தமிழில், பெரிய எழுத்தில்: இது வழக்கு, இந்தத் தேதிக்குள் பதில் போட வேண்டும், வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் இந்த அறைக்கு வாருங்கள், அல்லது 15100-க்கு ஃபோன் செய்யுங்கள். அப்புறம், கிரிமினலுக்கு வைத்தது போல சிவிலுக்கும் முழுநேர வக்கீல்களை வையுங்கள், மாவட்டத் தலைநகரோடு நிறுத்தாமல் தாலுகா கோர்ட் வரைக்கும். ஃபோனில் ஆலோசனை சொல்லும் திட்டங்கள் இருக்கின்றன, நல்லதுதான், ஆனால் ஃபோன் போய் கோர்ட்டில் வக்காலத்து போட்டு வாதாடாது. பணம் எங்கே என்று கேட்பார்கள். ஒரு எக்ஸ்பார்ட்டி டிகிரியால் கூடுதலாக எத்தனை மனுக்கள், எத்தனை வாய்தாக்கள், எத்தனை நீதிபதிகளின் நேரம் போகிறது என்று ஒரே ஒரு கோர்ட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஐயா. அடுத்த மக்கள் நீதிமன்றச் செய்தியைப் போடும்போது, அதே பக்கத்தில் அந்தந்த மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் முகவரியையும் 15100 என்ற எண்ணையும், பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது என்ற ஒரு வரியையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர் மாவட்டம்.