யானைக் காசும் அண்ணா காசும்

தர்மபுரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காது குத்தியதைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மூட்டுவலியால் வர முடியாமல் போனது இன்னும் உறுத்துகிறது.

லட்சக்கணக்கில் விலை போகுமா என்று நீ கேட்ட, வைஷ்ணவதேவி படம் போட்ட அஞ்சு ரூபாய்க் காசு விஷயத்துக்கு வருகிறேன். அதை விற்றுத் தருவதாகச் சொல்லும் எவனுக்கும் முன்பணம் கட்டாதே. 'லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் அனுப்பு, வரி அனுப்பு' என்பதெல்லாம் பணம் பறிக்கிற வேலை. ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. உன் காசு 2012இல் புழக்கத்துக்கு அடித்த காசுதான்.

அத்தனை வருஷம் பென்னாகரம் ரூட்டில் டிக்கெட் கிழித்து, ராத்திரி காசுப்பையைக் கொட்டி எண்ணும்போது பார்த்துப் பழகியதைச் சொல்கிறேன். காசில் வருஷத்துக்குக் கீழே பார், எந்த ஊர் அக்கசாலையில் (காசு அடிக்கும் ஆலையில்) அடித்தது என்பதற்குக் குறி இருக்கும். புள்ளி இருந்தால் நொய்டா, நட்சத்திரம் ஐதராபாத், சின்ன டைமண்டு மும்பை, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. எந்த வருஷம் எந்த அக்கசாலையில் குறைவாக அடித்தார்களோ, சேகரிக்கிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். அச்சு விலகி விழுந்த காசுக்கும் மதிப்பு உண்டு. வெறும் பழசுக்கு இல்லை. நாலணா (25 பைசா) 2011 ஜூன் 30ஓடு செல்லாமல் போனது, ஆனால் வீட்டுக்கு வீடு டப்பாவில் கிடக்கிறதே!

எல்லாவற்றையும்விட முக்கியம் காசின் மேனி. தேயக்கூடாது, கழுவவும் கூடாது. எங்கள் பாட்டி சுருக்குப்பையில் வைத்திருந்த யானைக் காசு ஞாபகம் இருக்கிறதா? திப்பு அடித்த செப்புக் காசு, ஒரு பக்கம் யானை, மறுபக்கம் பாரசீக எழுத்து. நம் தர்மபுரி வட்டாரமான பாரமகால் 1792இல் வெள்ளைக்காரன் கைக்குப் போகும்வரை திப்பு சீமைதானே. ஒரு பொங்கலுக்குப் பித்தளைக் குடத்தோடு அதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார்கள். இருநூறு வருஷக் கறுப்பு போனதோடு எழுத்தும் மழுங்கிவிட்டது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் சேலத்தில் ஒரு காசு வியாபாரியிடம் காட்டினேன். "தேய்ச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இன்னும் அதை வைத்திருக்கிறேன்.

போன வாரம் பாலக்கோட்டில் தக்காளி வாங்கிய மீதிச் சில்லறையில் அண்ணா அஞ்சு ரூபாய் வந்தது. 2009இல் நூற்றாண்டுக்கு அடித்தது, அவருடைய தமிழ்க் கையெழுத்தோடு. பெரிய விலை போகாது. நம் எழுத்து ஏறிய காசாயிற்றே, செலவழிக்க மனசு வரவில்லை. இன்னொன்று கிடைத்தால் உன் பேரனுக்கு.

உன் காசை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. துடைக்காமல் எடு.

அன்புடன்,
உன் பழைய கண்டக்டர்