மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து, புதிதாக விரிவுரையாளரான தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

உனக்கு நியமனக் கடிதம் வந்த செய்தி கோயில் வாசல்வரை வந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளை பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போகிறது என்று ஊருக்கே நெஞ்சு நிறைந்திருக்கிறது. அந்தப் பாசமே நாளைக்கு உன்னிடம் ஒரு உதவி கேட்டு வரும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பிறர் எழுத்தைத் திருடுவது, காசு வாங்கிக்கொண்டு மதிப்பெண் போடுவது, மாணவியிடம் அத்துமீறுவது, இதெல்லாம் தவறு என்பதில் விரிவுரையாளர்களிடையே இரண்டு கருத்து கிடையாது. தடுமாற்றம் எல்லாம் அன்றாடச் சின்ன விஷயங்களில்தான். 1991இல், அமெரிக்க உயர்கல்வி நிலையங்களில் வேலை செய்த 482 உளவியலாளர்களிடம் 63 செயல்களைக் கொடுத்து, செய்ததுண்டா, செய்வது சரியா என்று கேட்டார்கள். முழுதாகப் பிடிபடாத பாடத்தை நடத்தியதாகப் பலர் ஒப்புக்கொண்டார்கள். நேரமின்மையும், தெரியாது என்று சொல்லக் கூச்சமும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். புதிதாகச் சேர்ந்தவர் தலையில் யாரும் தொடாத பாடம் விழுவதும் வழக்கம். பதில் தெரியாத கேள்வி வந்தால் குறித்துக்கொள். அடுத்த வகுப்பைத் தொடங்கும்போதே அதற்குப் பதில் சொல்லிவிடு.

ஊர்ப்பாசம் முட்டுவது மதிப்பெண்ணில். "நம்ம புள்ளைக்கு ரெண்டு மார்க் பாத்துப் போடும்மா" என்று கேட்பவர் கெட்டவர் இல்லை. சராசரிப் புள்ளி 2.00க்குக் கீழே இறங்கினால் பி.டி.பி.டி.என் என்ற அரசு உயர்கல்விக் கடன் நிற்கும் என்ற பயம் அவருக்கு. ஆனால் ரப்பர்ப் பாலை நிறுத்து வாங்கும் தோட்டத்து ஸ்டோரை நினைத்துப் பார். கணக்கெழுதும் கிராணி ஒருவருக்குக் கூட்டி எழுதினால், மற்றவர்கள் நிறுத்துப் போட்ட பாலுக்கு என்ன மரியாதை?

அதனால் விடைத்தாள் கட்டு கைக்கு வருமுன்னே விடைத்திட்டத்தை எழுதி முடி, அரை மதிப்பெண் எதற்கு என்பது உட்பட. பெயர்ப் பகுதியை மடித்து மறை. ஒரு தாளை முழுதாகத் திருத்திவிட்டு அடுத்த தாளுக்குப் போகாதே. எல்லாத் தாளிலும் முதல் கேள்வியை முடித்துவிட்டு, கட்டைக் கலைத்து அடுக்கி, பிறகு இரண்டாவது கேள்விக்குப் போ. முதல் கேள்வியை நன்றாக எழுதிய பிள்ளைக்கு மீதிக் கேள்விகளிலும் கை தாராளமாகப் போய்விடும் என்பதால்தான் இந்தச் சிரமம். கடைசித் தாள் முடிந்ததும் முதலில் திருத்திய ஐந்தை மறுபடி எடுத்துப் பார். காலையில் கறாராக இருந்த பேனா மாலையில் இளகியிருக்கும், சில நாள் நேர்மாறாகவும் இருக்கும்.

தேர்ச்சிக் கோடு 40 என்றால் 39இல் நிற்பவர்களை என்ன செய்வது என்பதையும் பெயர் தெரியுமுன்னே முடிவு செய்துவிடு. ஒருவருக்கு மறுபார்வை என்றால் 39 வாங்கிய எல்லாருக்கும் மறுபார்வை, அதுவும் இன்னொரு விரிவுரையாளர் கையால். எந்த மாற்றமானாலும் பழைய எண்ணை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்து, புது எண், காரணம், தேதி, கையெழுத்து எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும். முறையீடு வரும் நாளில் உன் பக்கம் பேசப்போவது அந்த வரி மட்டும்தான்.

தீபாவளிப் பலகாரம் வரும். தேர்வு முடிவு வெளியாகுமுன் வந்தால், துறை அலுவலகத்து மேசையில் எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிடு. விலைகூடிய பொருளை வாங்காதே. வாங்கித்தான் ஆகவேண்டிய நிலை வந்தால் எழுத்தில் அறிவித்துவிடு.

ஆய்வுக் கட்டுரையில் பெயர் போடும் விஷயம் இதைவிடக் கடினம், ஏனென்றால் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்பவர் உன் மேலதிகாரியாக இருப்பார். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணுகிறார்கள், ஆசை வரத்தான் செய்யும். மருத்துவ இதழ்கள் பின்பற்றும் வான்கூவர் விதி நான்கு நிபந்தனை சொல்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பு. நான்கும் இருந்தால்தான் கட்டுரையின் ஆசிரியர். கருவி கொடுத்தவருக்கும் நிதி வாங்கித் தந்தவருக்கும் நன்றியுரையில் இடம் உண்டு. ஆய்வு தொடங்கும் வாரத்திலேயே யார் என்ன செய்வது, பெயர் வரிசை என்ன என்று ஒரு பக்கம் எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடு. முடிந்தபின் பேசினால் சண்டைதான் மிஞ்சும். உன் மாணவரின் ஆய்வேட்டிலிருந்து வரும் கட்டுரையில் முதல் பெயர் மாணவருடையது. சொந்த ஆதாயத்துக்காக மாணவரைச் சுரண்டக்கூடாது, அவர் உதவியை மறைக்கக்கூடாது என்று அமெரிக்கப் பேராசிரியர் சங்கம் 1966இலேயே எழுதிவைத்திருக்கிறது. இன்றும் அதிகம் மீறப்படுவது அதுதான் என்று எனக்குப் படுகிறது.

அரசுப் பல்கலைக்கழக ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை 2000ஆம் ஆண்டின் 605ஆம் சட்டத்தின்படி, அதாவது சட்டமுறை அமைப்புகளின் ஊழியர் ஒழுங்கு பற்றிய சட்டத்தின்படி, நடக்கும். சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பிரதி வாங்கிப் படித்துவிடு.

கடைசியாக ஒன்று. மாமா பையனோ பக்கத்து லயன் வீட்டுப் பிள்ளையோ உன் வகுப்பில் பெயர் பதிந்தால், பருவம் தொடங்குமுன் டீனுக்கு மூன்று வரி எழுது: மாணவர் யார், என்ன உறவு, அவர் தாளை வேறு யார் திருத்துவது. அதே அன்று அவர்கள் வீட்டுக்கும் போய் நேரில் சொல்லிவிடு. வேறு யார் வாயிலாவது கேட்டால்தான் அவர்கள் மனம் உடையும்.

அன்புடன்,
உன் ஊர் அண்ணன்