ராமேசுவரம் ரயிலில் உடன் பயணித்த பொறியாளர் ஐயாவுக்கு நன்றி

மானாமதுரையைத் தாண்டியதும், சிவில் பிரிவில் இறுதியாண்டு படிக்கும் என் மகளிடம் தாமாகவே பேச்சுக் கொடுத்த ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர் ஐயாவுக்கு இப்பதிவின் வாயிலாக நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியைத் தொழிலாளர்கள் கையாலேயே இயக்கியதையும், 1964 டிசம்பர் புயலில் சிதைந்த அப்பாலத்தை ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் சீரமைத்ததையும், உப்புக்காற்று இரும்பை அரிக்கும் விதத்தையும் அவளுக்குப் புரியும்படி விளக்கினீர்கள். பாலத்தின் இரும்புத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளில் தளர்ந்ததைக் கண்டுபிடிக்க ஒருபுறம் சுத்தியலால் தட்டி, மறுபுறம் விரல் வைத்து அதிர்வை உணர வேண்டும் என்பதை ஜன்னல் கம்பியிலேயே செய்துகாட்டினீர்கள். அவளையும் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். அந்த ஒரு நிமிடம் அவள் முகத்தில் கண்ட ஆர்வத்தை, கல்லூரியில் சேர்ந்த பிறகு நான் கண்டதில்லை.

பணிமாற்றங்களால் பிள்ளைகள் பள்ளி மாறியதையும், மழைக்கால இரவுப் பணிகளால் தீபாவளிக்கு வீட்டில் இல்லாமற்போன ஆண்டுகளையும் மறைக்காமல் சொன்னீர்கள். சம்பளத்தை மட்டுமே பேசும் அறிவுரைகளுக்கு நடுவே (அவற்றிலும் தவறில்லை), இந்த வெளிப்படையான பேச்சு எங்களுக்குப் பெரிதும் தேவைப்பட்டது.

தங்கள் பெயரைக் கேட்பதற்குள் மண்டபத்தில் இறங்கிவிட்டீர்கள். பாலப் பராமரிப்பையே தன் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு மகள் தேர்ந்தெடுத்திருக்கிறாள், ஐயா. அவளுடைய வணக்கத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.