மாத்தூர் தொட்டிப்பாலத்தில் சந்தித்த பெரியவருக்கு நன்றி

கடந்த ஞாயிறு மாத்தூர் தொட்டிப்பாலத்தில் என் மகளிடம் அத்தனை பொறுமையாகப் பேசிய பெரியவரே, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்ததும், "இதில் கப்பல் போகுமா?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். நீங்களோ, "இதில் போகாது மக்களே, ஆனால் கப்பல் மேடேறுகிற இடம் ஒன்று உண்டு" என்று பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். சரக்குக் கப்பலில் பனாமா கால்வாயைக் கடந்தவராம் நீங்கள்! 1914-இல் திறந்த அந்தக் கால்வாயில், ராட்சதக் கதவுகளுக்கு நடுவே உள்ள தொட்டியில் கப்பல் நிற்கும். மேலிருக்கும் ஏரித் தண்ணீர் பம்பு எதுவும் இல்லாமல் தானாக இறங்கித் தொட்டியை நிரப்பும். படிப்படியாகக் கப்பல் 26 மீட்டர் உயர்ந்துவிடும். அந்தக் கால்வாயோரம் மிராஃப்ளோரஸ் என்ற இடத்தில் உள்ள பார்வையாளர் மாடத்தில் சுற்றுலா வந்தவர்கள் கூட்டமாக நின்று கையசைப்பார்கள் என்றபோது உங்கள் முகத்தில் தெரிந்த பெருமிதம்!

எங்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, பலா இலையை மிதக்கவிட்டு, அது ஏறுவதைக் காட்டினீர்களே, அதை இப்போது வீட்டு வாளியில் தினமும் செய்கிறாள். இலைக்கு உங்கள் நினைவாக "தாத்தா கப்பல்" என்று பெயர். மிக்க நன்றி ஐயா.