ரேஷன் அரிசியைக் குறை சொல்வதை விட்டுப் பருப்பைக் கூட்டுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் ஆரோக்கியப் பக்கங்களில் சத்தான உணவு பற்றி எழுதப்படும்போதெல்லாம் ஓட்ஸ், பாதாம், ஆலிவ் எண்ணெய் என்று ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. ரேஷன் கடையை நம்பிக் குடும்பம் நடத்துபவர்கள் அதைப் படித்தால், நல்ல சாப்பாடு நமக்கில்லை என்றுதான் நினைப்பார்கள். அது உண்மையில்லை. நம் வீட்டுச் சமையலில் உள்ள பெரிய குறை ஒன்றுதான்: அரிசி போதிய அளவு இருக்கிறது, பருப்பு போதவில்லை. காய்கறி, கீரை, எண்ணெய் பற்றியெல்லாம் பேசலாம். ஆனால் முதலில் சரிசெய்ய வேண்டியது இது.

கணக்கைப் பாருங்கள். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வெளிச்சந்தையில் இதற்கு நான்கைந்து மடங்கு விலை கொடுக்க வேண்டும் என்பதால், பல வீடுகளில் அந்த ஒரு கிலோதான் மாதம் முழுவதற்கும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் சொச்சம்தான் வருகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியோ பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 85 கிராம் என்கிறது. சாம்பார் தினமும் வைக்கிறோமே என்று கேட்கலாம். நான்கு பேருக்கு ஒரு கைப்பிடி பருப்பைப் போட்டு, புளியும் பொடியும் கரைத்து நீட்டிய சாம்பாரில் பருப்பு நிறத்துக்குத்தான் இருக்கும்.

நடைமுறைக்கு ஆளுக்கு 50 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 200 கிராம். வழக்கமான 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளரும் இன்னொரு கால் டம்ளரும். மாதத்துக்கு 6 கிலோ. அதில் 1 கிலோ ரேஷனில் வந்துவிடுகிறது. மீதி 5 கிலோவும் துவரையாக இருக்க வேண்டியதில்லை. கொள்ளும் தட்டைப்பயறும் பெரும்பாலும் துவரையை விட மலிவு. பச்சைப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை ஆகியவற்றையும் மாற்றி மாற்றி வாங்கலாம். கிலோ 100 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 500 ரூபாய், அதாவது நாளுக்கு 17 ரூபாய்க்குள். ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கடையில் ஒரு டீயும் சேர்ந்தால் இதற்கு மேல் ஆகிவிடும்.

இதனால் உடம்புக்குக் கிடைப்பது என்ன? 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராம் அளவு புரதம் வேண்டும். இட்லி, சோறு எல்லாம் சேர்த்து 250 கிராம் அரிசி சாப்பிட்டால் அதில் 18 கிராம் வரும். 50 கிராம் பருப்பில் 11, ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலிலோ தயிரிலோ 6, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. கூட்டினால் 48. பாதாமும் இல்லை, டப்பாவில் விற்கும் மாவும் இல்லை. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவது அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் அவற்றின் புரதத்தை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ளும். சோற்றைக் கொட்டிவிட்டுப் பருப்பை மட்டும் தின்னச் சொல்லும் உணவுமுறைகளை நான் ஆதரிக்க மாட்டேன். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கூட்டவும்.

பருப்பு வாங்கினாலும் வேக மாட்டேன் என்கிறது, கேஸ்தான் வீணாகிறது என்பது அடுத்த புகார். அதில் நியாயம் உண்டு. பருப்பு வேகாததற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒன்று, சரக்கு பழையது. நாட்பட்ட பருப்பு, அதிலும் வெப்பமும் ஈரமும் பட்டுக் கிடந்தது, கல்போல் இறுகிவிடும். இரண்டாவது, உப்புத் தண்ணீர். போர்வெல் நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் திசுவை இறுக்கிவிடுகின்றன. பத்து விசில் வைத்தாலும் நடுவில் வெள்ளையாக முழித்துக்கொண்டு இருந்தால் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மூன்றாவது, புளியையோ தக்காளியையோ பருப்பு மசிவதற்கு முன் சேர்ப்பது. புளிப்பு ஏறினால் பருப்பு அதற்கு மேல் குழையாது. எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டு வைக்கும் அவசர சாம்பாரில் நடப்பது இதுதான்.

வழி எளிது. துவரம் பருப்பைக் கழுவி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ஒரு பங்கு பருப்புக்கு மூன்று பங்கு தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், நான்கு சொட்டு எண்ணெய். எண்ணெய் எதற்கென்றால், பருப்பு நுரைத்துப் பொங்கி விசில் துளையை அடைக்காமல் இருக்க. முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கிப் பத்து நிமிடம் விட்டு, ஆவி தானாக அடங்கட்டும். குக்கரில் பருப்பைக் கீழே பாத்திரத்திலும் அரிசியை மேல் பாத்திரத்திலும் வைத்தால் ஒரே தீயில் இரண்டும் ஆகிவிடும். ஆப்ப சோடா போட்டால் சீக்கிரம் வேகும் என்பது உண்மைதான். ஆனால் பருப்பில் உள்ள வைட்டமின் பி1 அதில் அழிந்துபோகும். சோடா வேண்டாம்.

கொள்ளுக்கு முன்தினம் இரவே தயாராக வேண்டும். அதில் பொடிக்கல் கலந்திருக்கும். கழுவினால் மட்டும் போகாது, அரித்தே எடுக்க வேண்டும். எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறியதும் அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு, ஆறேழு விசிலுக்குப் பின் சிறுதீயில் பத்து நிமிடம். நகத்தால் கிள்ளினால் மாவாக வர வேண்டும். வெந்த நீரை வடித்து ரசத்துக்கு எடுத்துக்கொண்டு, கொள்ளை சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய் வதக்கிச் சேர்த்துக் கடைந்தால் கொங்கு நாட்டுக் கொள்ளுப் பருப்பு தயார். வயிறு உப்புகிறது என்பவர்கள் முதல் வாரம் இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டு மெல்லக் கூட்டுங்கள், குடல் பழகிவிடும். முளைகட்டிய பயறு என்றால் வெயில் காலத்தில் கவனம் தேவை. ஊறிய பயறில் நீர் தங்கினால் கொழகொழத்து நாற்றம் வந்துவிடும். நன்றாக வடித்து ஈரத்துணியில் தளர்வாகக் கட்டி, இடையில் ஒருமுறை அலசுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பச்சையாகத் தர வேண்டாம். ஆவியில் வேகவைத்தே கொடுங்கள்.

அரிசியையும் பருப்பையும் சரியான அளவில் ஒன்று சேர்க்கும் பலகாரம் அடைதான். மாவு புளிக்கக் காத்திருக்கவும் வேண்டாம். ரேஷன் புழுங்கலரிசி 2 டம்ளர், கடலைப்பருப்பு முக்கால் டம்ளர், துவரம் பருப்பு அரை டம்ளர், உளுந்து கால் டம்ளர். அரிசி மோட்டா ரகம் என்பதால் நான்கு மணி நேரம் தனியாக ஊற வேண்டும். பருப்புகளுக்கு இரண்டு மணி நேரம் போதும். அரிசியோடு ஆறு காய்ந்த மிளகாய், சோம்பு, பெருங்காயம், உப்பு சேர்த்து ரவைப் பதத்தில் அரைத்து, பிறகு பருப்பைப் போட்டுக் கொரகொரப்பாகச் சுற்றி எடுங்கள். நைசாக அரைத்தால் அடை கல்லில் ஒட்டும், வாயிலும் ஒட்டும். மாவு கரண்டியிலிருந்து கனமாக விழ வேண்டும். முருங்கைக் கீரையை இரண்டு கைப்பிடி உருவிப் போட்டு, கல்லில் ரொம்பத் தடிமனாக ஊற்றாமல் நிதானமாகப் பரப்பி, நடுவில் ஒரு ஓட்டை போட்டு அதிலும் எண்ணெய் விடுங்கள். ஓட்டை இல்லாவிட்டால் ஓரம் கருகியும் நடு வேகாமலும் போகும். அவசரப்பட்டு தீயைக் கூட்டினாலும் அதே கதிதான்.

அடுத்து, ரேஷன் அரிசி பற்றிய ஒரு தப்பெண்ணம். அரிசியைக் கழுவும்போது சில மணிகள் மேலே மிதக்கின்றன, நிறமும் சற்று மாறி இருக்கின்றன. பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள், வாட்ஸ்அப்பிலும் பரப்புகிறார்கள். அவை செறிவூட்டப்பட்ட அரிசி மணிகள். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து பிசைந்து, இயந்திரத்தில் அழுத்தி அரிசி வடிவில் எடுத்து, நூறு மணிக்கு ஒன்று என்ற விகிதத்தில் சாதாரண அரிசியில் கலக்கிறார்கள். அடர்த்தி சற்றுக் குறைவு என்பதால் சில மிதக்கும். சந்தேகமாக இருந்தால் வேகவைத்த ஒரு மணியை விரலால் நசுக்கிப் பாருங்கள், மாவாக மசியும். பிளாஸ்டிக் அப்படி மசியாது. ரத்தசோகைக்காகவே சேர்க்கப்படும் அந்த மணிகளை எறிவது, கைக்கு வந்த மருந்தைக் கொட்டுவதற்குச் சமம். கழுவும்போது மிதப்பதை நீரோடு சாய்த்துவிடாதீர்கள். நிறைய நீர் விட்டுக் கஞ்சி வடிப்பதை விட, அளவாக நீர் வைத்துப் பொங்கினால் சத்து சோற்றிலேயே தங்கும். கஞ்சி வடித்தால் அதையும் உப்புப் போட்டுக் குடித்துவிடுங்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் இந்த அரிசி பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இரும்புச்சத்து பற்றிப் பேசும்போது டீயையும் சொல்லியாக வேண்டும். இட்லி தின்ற கையோடு டீ குடிக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போனது. டீயில் உள்ள டானின், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேர இடைவெளி விட்டால் போதும். அதே சமயம் பருப்பை இறக்கியதும் அரை எலுமிச்சம்பழம் பிழிந்தால், அல்லது தட்டில் ஒரு நெல்லிக்காய் வைத்தால், வைட்டமின் சி அந்த இரும்பை உள்ளே சேர்க்க உதவும். செலவு இரண்டு மூன்று ரூபாய். உப்புக்கும் ஒரு எளிய சோதனை உண்டு. ஆளுக்கு நாளுக்கு 5 கிராம் என்றால் நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கடைப் பலகாரத்தில் உள்ள உப்பு இதில் சேராது. ஆகவே மாதத்துக்குள் பாக்கெட் தீர்ந்தால் அளவு மிக அதிகம் என்று பொருள்.

இனி அரசிடம் கேட்க வேண்டியது. 2007இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் வந்தபோது துவரையோடு உளுத்தம் பருப்பும் கடைகளில் கிடைத்தது. பின்னர் அது நின்றுபோனது. பள்ளிச் சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டையோடு பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் தருவது இதே அரசுதான். பிள்ளைக்குத் தேவை என்று தெரிந்தது அதைப் பெற்ற தாய்க்கும் தேவைதானே? ஒவ்வொரு அட்டைக்கும் மாதம் 2 கிலோ முழுப்பயறு, கொள்ளோ தட்டைப்பயறோ அந்தந்த வட்டாரத்தில் விளைவது எதுவோ அது, மானிய விலையில் வழங்க வேண்டும். மானாவாரி நிலத்தில் பயறு விதைக்கும் நம் விவசாயிகளிடமே கொள்முதல் செய்யலாம். அத்துடன், கடை வாசலில் இருப்பு எழுதும் பலகையில் செறிவூட்டப்பட்ட அரிசி பற்றி நான்கு வரி எழுதி வைக்க உணவுத் துறை உத்தரவிட வேண்டும். மிதக்கும் மணி எது, அதை ஏன் எறியக் கூடாது என்று அரிசி வாங்கும் இடத்திலேயே தெரிந்தால் பாதி வதந்தி அடங்கிவிடும்.

இப்படிக்கு,
வாசகி, ஈரோடு