அத்தை யாரையும் ஏமாற்றவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இளநீர், வாழைப்பழம் கூடாது என்றதெல்லாம் சரிதான். (கோவில்பட்டியில் இருந்துகொண்டு கடலை மிட்டாயைத் தொடாமல் இருப்பதுதான் பெரும்பாடு.) ஆனால் இத்தனையையும் நோயாளியால் மனதில் வைத்துக்கொள்ள முடிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

என் மாமியாருக்கு 63 வயது. மூன்று வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். கூடப் போவது நான். அத்தை எங்கள் தெருவில் சீட்டு நடத்தியவர். 20 பேர், நோட்டு கிடையாது. யார் கட்டியது, யார் பாக்கி எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும். போன ஆடியில் பூக்கார அக்கா கொடுத்த பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்தவர், மறுநாள் அவர் வீட்டுக்கே போய்ப் பணம் கேட்டார். தெருவே கூடிவிட்டது. “வயசான காலத்துல ஏன் இந்தப் புத்தி?” என்றாள் ஒருத்தி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் சந்தேகம் வந்தது.

டயாலிசிஸ் அன்று காலையில் மட்டும் பிரஷர் மாத்திரை வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அத்தை அன்றைக்கும் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ஊசி குத்தி ஒரு மணி நேரத்தில் கொட்டாவி வரும், நெற்றி வேர்க்கும், பிரஷர் சரசரவென்று இறங்கும். நர்ஸ் ஓடிவந்து கால் பக்கத்தை உயர்த்துவார். “எத்தன தடவ சொல்றது பாட்டி?” என்பார். அத்தை தலையாட்டுவார். அடுத்த வெள்ளியும் அதே கதைதான். பிரஷர் அப்படி இறங்கும்போது மூளைக்குப் போகும் ரத்தமும் குறையும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மறந்துபோய் மாத்திரை போடுவது, அதனால் பிரஷர் இறங்குவது, அது மறதியை இன்னும் கூட்டுவது.

மதுரையில் நரம்பு டாக்டர் ஒருவர் தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். “வீட்லதான் கடிகாரம் இருக்கே, எதுக்கு வரையணும்?” என்றார் அத்தை. அப்புறம் வரைந்தார். பன்னிரண்டு எண்களும் வலது பக்கத்திலேயே நெருக்கிக்கொண்டு நின்றன. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுப்பதுபோல மூளையில் இருப்பதையும் கெடுக்குமாம். பெரும்பாலும் அடிபடுவது பழைய நினைவு இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக யோசித்துச் செய்கிற திறன். தன் கல்யாணத்தில் யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்று அத்தை இன்றும் ஒப்பிப்பார். அதில்தான் நாங்கள் ஏமாந்தோம்.

அமெரிக்காவில் மினசோட்டாவில் 55 வயதைத் தாண்டிய 338 டயாலிசிஸ் நோயாளிகளைச் சோதித்து 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் 37 சதவீதம் பேருக்கு நினைவிலும் யோசிக்கும் திறனிலும் கடுமையான பாதிப்பு. சோதித்த 338 பேருடைய மருத்துவக் குறிப்பையும் புரட்டினால், இப்படி ஒரு தொந்தரவு இருப்பதாக எழுதியிருந்தது நூற்றில் மூன்று பேருக்குக்கூட இல்லை. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, நோயாளியின் புத்தி மிகவும் மந்தமாக இருப்பது மிஷினில் படுத்திருக்கும்போதுதான் என்கிறது. டயாலிசிஸ் தொடங்குவதற்குச் சற்று முன்பும் மறுநாளும் தெளிவாக இருக்கிறார்களாம். எங்கள் ஊரில் டாக்டர் ரவுண்ட்ஸ் வருவது எப்போது? மிஷின் ஓடும்போது. மாத்திரை மாற்றுவதும், தண்ணீர் அளவு சொல்வதும், கையெழுத்து வாங்குவதும் அப்போதுதான். கூட வந்தவர்களோ வெளியே வராந்தாவில்.

நான் புது மிஷின் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதை ஊசி குத்துவதற்கு முன்னால் சொல்லுங்கள், கூட வந்தவரையும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லுங்கள், தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கடிகாரம் வரையச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷர் பார்ப்பவர்களுக்கு இதையும் சொல்லிக்கொடுத்தால் டயாலிசிஸ் இல்லாத நாளிலேயே பார்த்துவிடலாம்.

சீட்டு இப்போது என் பொறுப்பு, நோட்டுப் போட்டு எழுதுகிறேன். செவ்வாய், வெள்ளி காலையில் மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறேன். பூக்கார அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அத்தைக்குத் தினமும் ஒரு முழம் பூ தருகிறார், காசு வாங்குவதில்லை.

பெயர் வெளியிட வேண்டாத ஒரு வாசகி,
கோவில்பட்டி